டர்போ காருக்குக் கேம் மாற்றலாமா? மலைநாட்டில் ஓட்டுபவருக்கு ஓர் எளிய விளக்கம்

"கேம் போட்டா எத்தனை ஹோர்ஸ் பவர் ஏறும், பாஸ்?"

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஏதாவது ஒரு கராஜில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேம் என்றால் கேம்ஷாஃப்ட், எஞ்சினின் வால்வ்களைத் திறந்து மூடும் தண்டு. கேட்பவர் பழைய ஸ்டார்லட் ஜீடி டர்போ, லான்சர் எவலூஷன், இம்ப்ரெசா என்று ஏதோ ஒன்றை வைத்திருப்பார். 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் புதிதாக வாங்க வழியில்லாமல், இருக்கிற காரையே தட்டிக்கொட்டி ஏற்றும் பழக்கம் நன்றாக ஊறிவிட்டது. ஏப்ரல் மாதம் நுவரெலியாப் பக்கம் போய் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். 1934இல் தொடங்கிய போட்டி அது; இன்னும் ஆசையைக் கிளறிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு பாஸ் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எந்த ஆர்பிஎம்மில் வேணும் தம்பி?" ஆர்பிஎம் என்றால் எஞ்சின் ஒரு நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. கேம்ஷாஃப்டை மாற்றினால் பவர் கூடும், உண்மை. ஆனால் கூடுவது மேல் சுற்றில். அதற்கான விலையைக் கீழ்ச் சுற்றில் கொடுக்க வேண்டியிருக்கும். மலைப்பாதையில் நாம் எந்தச் சுற்றில் அதிக நேரம் ஓட்டுகிறோம் என்று தெரியாமல் கேம் வாங்குவது, கால் அளவு பார்க்காமல் சப்பாத்து வாங்குகிற வேலை.

கேம் செய்வது என்ன

சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் வர இன்லெட் வால்வ், எரிந்த புகை போக எக்ஸோஸ்ட் வால்வ். இவை எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு ஆழம் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கேம்ஷாஃப்டில் கடைந்திருக்கும் முட்டை வடிவ லோப்பின் கையில் இருக்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க்; அது இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று. இரண்டையும் கட்டி வைத்திருப்பது டைமிங் பெல்ட், சில எஞ்சின்களில் செயின்.

லோப் வால்வை எவ்வளவு தூரம் அமுக்குகிறதோ அது லிஃப்ட், மில்லிமீற்றரில் சொல்வார்கள். வால்வ் திறந்திருக்கும் காலம் டியூரேஷன். கிராங்க் திரும்பும் பாகையில் சொல்வார்கள். கடையில் "264 இருக்கு, 272 இருக்கு" என்று எடுத்துப் போடுவது இந்த டியூரேஷனைத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை. வால்வ் அசையத் தொடங்கிய இடத்திலிருந்து அளப்பவர்களும் உண்டு, 1 மில்லிமீற்றர் திறந்த பிறகு அளப்பவர்களும் உண்டு. ஆகவே ஒரு பெட்டியின் எண்ணை இன்னொரு கம்பனிப் பெட்டியின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

எட்டுப் பாகை, பத்துப் பாகை அதிகம் திறந்திருந்தால் என்ன வந்துவிடும்? கணக்குப் போட்டால் தெரியும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லிசெக்கன் எடுக்கும். 250 பாகை கேம் என்றால் வால்வ் திறந்திருப்பது 7 மில்லிசெக்கனுக்கும் கொஞ்சம் குறைவு. 272 போட்டால் ஏழரை. அந்த வேகத்தில் காற்றுக்கு உந்துதல் இருக்கிறது. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் அதுவும் சேர்ந்து அடைபடும், பவர் கூடும். இதே தாமதம் 2000 ஆர்பிஎம்மில் எதிராகத் திரும்புகிறது. காற்றுக்கு அங்கே வேகம் இல்லை. மேலே ஏறும் பிஸ்டன், வந்த காற்றில் ஒரு பகுதியைத் திறந்திருக்கிற இன்லெட் வழியாகவே வெளியே தள்ளிவிடும். இழுவை குறையும். பெரிய கேம் போட்ட கார் ஐட்லிங்கில் குலுங்கிக் குலுங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஓவர்லெப்.

ஓவர்லெப்பும் டர்போவும்

புகை வெளியேறி முடியும் நேரத்தில் எக்ஸோஸ்ட் வால்வ் மூடிக்கொண்டிருக்கும், இன்லெட் திறக்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான் ஓவர்லெப். ஹட்டன் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்: பின்கதவால் ஆட்கள் இறங்குகிறார்கள், முன்கதவால் ஏறுகிறார்கள், இரண்டு கதவும் திறந்திருந்தால் வேலை வேகமாக முடியும். ஆனால் பின்கதவுக்கு வெளியே ஒரு கூட்டம் முண்டியடித்தால் இறங்க வந்தவர்களும் உள்ளே தள்ளப்படுவார்கள், முன்கதவால் ஏறுபவர்களுக்கும் இடம் இருக்காது.

டர்போ இல்லாத எஞ்சினில் பின்கதவுக்கு வெளியே கூட்டம் குறைவு. நல்ல எக்ஸோஸ்ட் இருந்தால் வெளியேறும் புகையே உள்ளே வரும் காற்றையும் இழுத்துவிடும். அதனால்தான் சாதாரண ரேஸ் எஞ்சின்களில் ஓவர்லெப் அதிகம் வைப்பார்கள். டர்போவில் புகை டர்பைன் என்ற விசிறியைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போக முடியும். அந்தச் சுழற்சிதான் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது; அப்படி ஏறும் அழுத்தம்தான் பூஸ்ட். கம்பனி போட்டு அனுப்பிய சின்ன டர்போக்களில், முழு பூஸ்டில் டர்பைனுக்கு முன்னால் இருக்கும் அழுத்தம் இன்லெட் பக்கத்து பூஸ்டைவிட அதிகமாகவே இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் நீண்ட நேரம் திறந்திருந்தால் சூடான புகை சிலிண்டருக்குள் திரும்பி வரும். பவர் போவதோடு சிலிண்டர் சூடாகி நொக்கிங்கும் (பெற்றோல் நேரம் தப்பித் தானாக வெடித்துத் தட்டுவது) வரும். டர்போவுக்கென்று செய்யும் கேம்களில் இன்லெட் லோப்பையும் எக்ஸோஸ்ட் லோப்பையும் கொஞ்சம் விலக்கி வைத்து ஓவர்லெப்பைக் குறைப்பது இதற்காகத்தான்.

இங்கிருந்து ஒரு முடிவு தானாகவே வருகிறது. சின்ன டர்போ அப்படியே இருக்க, கேமை மட்டும் பெரிதாக்குவது வீண். ஸ்டார்லட் ஜீடியின் 1.3 லீற்றர் எஞ்சின் கம்பனியிலிருந்து 135 குதிரைவலுவோடு வந்தது. அதில் இருக்கும் டர்போ மிகச் சிறியது. 6000க்கு மேலே அதற்கு மூச்சே வாங்கும். அந்த இடத்தில் வால்வை அதிகம் திறந்து வைத்து என்ன லாபம்? பெரிய டர்போ போட்டு, அகலமான எக்ஸோஸ்ட் போட்டு, மேல் சுற்றில் காற்று வழி திறந்த பிறகுதான் கேமுக்கு வேலை வருகிறது. எவலூஷனின் 4ஜி63 எஞ்சினுக்கு 264, 272 என்று கேம் போட்டு நல்ல பலன் கண்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அதன் டர்போ பெரியது, வால்வ்கள் இருக்கும் மேற்பகுதியான ஹெட்டும் காற்றை நன்றாக விடும் ஹெட். அந்தக் கதையைச் சின்ன எஞ்சினுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

ஒரு லீற்றர் டர்போ சிவிக் போன்ற புதிய கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்வ் நேரத்தைக் கணினியே ஓட்டத்துக்கு ஏற்றபடி முன்பின் நகர்த்திக்கொள்கிறது. அதில் கேமைத் தொட எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மலைக் காற்று போடும் கணக்கு

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 0.81 பார், கொழும்பில் 1 பாருக்குக் கொஞ்சம் மேலே. டர்போ இல்லாத கார் நுவரெலியாவில் தன் பவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். நானுஓயா ஏற்றத்தில் சின்னக் கார்கள் ஏன் திணறுகின்றன என்பதற்குப் பதில் சரிவில் பாதி, காற்றில் பாதி.

டர்போ இருந்தால் தப்பலாம் என்பார்கள். ஓரளவுக்குச் சரி. கொழும்பில் 1 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றையும் சேர்த்து மொத்தம் 2 பார். நுவரெலியாவில் அதே 1 பார் பூஸ்டுக்கு மொத்தம் 1.81தான். பூஸ்ட் மீற்றரின் முள் அதே இடத்தில் நிற்கும், ஆனால் உள்ளே போகும் காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அதைக் கொடுக்கவும் டர்போ கூடப் பாடுபட வேண்டும்: கொழும்பில் காற்றை 2 மடங்கு அமுக்கினால் போதும், இங்கே 2.2 மடங்கு. அதாவது டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பூஸ்ட் வருவதும் கொஞ்சம் பிந்தும். "உயரத்தால் இழந்ததை ஈடுகட்ட பூஸ்டை ஏற்றிவிடுவோம்" என்று இங்கே வந்து இன்னும் திருகினால், ஏற்கெனவே எல்லையில் ஓடும் சின்ன டர்போவின் ஆயுளில்தான் கைவைக்கிறோம்.

இப்போது பெரிய கேமை இதற்குள் வைத்துப் பாருங்கள். மெல்லிய காற்றால் கீழ்ச் சுற்றில் ஏற்கெனவே இழுவை குறைவு. பெரிய கேம் அதை இன்னும் குறைக்கும். எஞ்சின் விடும் புகை குறைந்தால் டர்போ எழும்பவும் தாமதமாகும். பூஸ்ட் ஏறும் இடம் சில நூறு ஆர்பிஎம் மேலே தள்ளிப்போய்விடும். றம்பொடைப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவொன்றில் இரண்டாம் கியரில் 30 கிலோமீற்றர் வேகத்தில் வெளியே வந்தால், பெரும்பாலான சின்னக் கார்களில் எஞ்சின் 2000க்கும் 2500க்கும் இடையில்தான் நிற்கும். அங்கே இழுவை இல்லாவிட்டால் முதல் கியருக்கு இறங்க வேண்டும், அல்லது பூஸ்ட் வரும்வரை பின்னால் வரும் பஸ்காரரின் ஹோர்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 7000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் கூடுதல் பவர் அடுத்த வளைவுக்குள் வந்து சேராது.

ஆகவே என் கருத்து நேரானது: மலைப்பாதையில் அன்றாடம் ஓடும் டர்போ காருக்குக் கம்பனிக் கேம், அதற்கு மேல் போனால் டர்போவுக்கென்று செய்த மிதமான கேம். 272க்கு மேலே போவது மூடிய பாதையில் போட்டிக்கு ஓட்டுபவர்களின் விஷயம்.

கேம் மாற்றாமலேயே கொஞ்சம் விளையாடிப் பார்க்க ஒரு வழி உண்டு. அட்ஜஸ்டபிள் கேம் புலி (கேமின் நுனியில் பெல்ட் ஓடும் சில்லு, நகர்த்தக்கூடியது) பொருத்தி இன்லெட் கேமை இரண்டொரு பாகை முன்னே தள்ளினால் வால்வ் சீக்கிரம் மூடும், கீழ்ச் சுற்று இழுவை கூடும். பின்னே தள்ளினால் மேல் சுற்று கூடும், ஓவர்லெப்பும் குறையும். செலவு குறைவு, பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். ஆனால் ஒரு பாகை என்பதும் விளையாட்டில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது.

கேமுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில் எஞ்சின் சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) பார்க்கும்போது மலைநாட்டில் ஒரு குழப்பம் வரும். புத்தகத்தில் 12 பார் என்று இருக்கும், நுவரெலியாவில் கேஜ் பத்தைக்கூடத் தொடாது. எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உள்ளே இழுக்கும் காற்றே மெல்லியது, அதனால் நல்ல எஞ்சினும் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் காட்டும். பார்க்க வேண்டியது சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம். மூன்று சிலிண்டர் ஒன்றாக நிற்க நான்காவது மட்டும் விழுந்திருந்தால், அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

அடுத்தது சூடு. தட்டையான நெடுஞ்சாலையில் எஞ்சினுக்கு வேலை அதிகமானால் காரின் வேகமும் அதிகம், காற்று நன்றாக அடிக்கும். மலையேற்றத்தில் எஞ்சினுக்கு முழு வேலை, கார் ஓடுவதோ 30, 40இல். டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் காற்றுப் போதாது. பனிமூட்டம் குளிராக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. இன்னொன்று: நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்கு அருகிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது கொதிக்காமல் இருப்பது மூடி தாங்கும் அழுத்தத்தால். ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடியோடு ரதல்லை ஏற்றத்தில் முழு பூஸ்டில் ஏறுபவர், ஹெட் கெஸ்கட்டை வைத்துப் பந்தயம் கட்டுகிறார். மூடியின் விலையையும் கெஸ்கட் வேலையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர், நல்ல இன்டர்கூலர், ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி) டியூனிங் எல்லாம் கேமுக்கு முந்தியவை. பிரேக்கையும் இந்த வரிசையில் சேர்க்கிறேன். மலையில் ஏறியது எல்லாம் இறங்கியாக வேண்டும்.

கேமோடு கூட வரும் பாகங்கள்

கேம் தனியாக வராது. லிஃப்ட் கூடினால், சுற்று கூடினால், வால்வ் ஸ்பிரிங்கும் கூட வேண்டும். 7000 ஆர்பிஎம்மில் ஒரு வால்வ் நிமிடத்துக்கு 3500 தடவை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வ் லோப்பைத் தொடர்ந்து வர முடியாமல் மிதக்கத் தொடங்கும். டர்போவில் இன்னொரு சுமையும் சேரும். இன்லெட் வால்வின் தலை 34 மில்லிமீற்றர் விட்டம் என்றால் அதன் பரப்பு சுமார் 9 சதுர சென்ரிமீற்றர். 1 பார் பூஸ்ட் அதன் முதுகில் சுமார் 9 கிலோ எடையாக அமுக்கி, வால்வைத் திறக்கப் பார்க்கும். ஸ்பிரிங் அதையும் தாங்கித்தான் வால்வை மூடி வைக்க வேண்டும். பூஸ்டை 1.5 ஆக்கினால் பதின்மூன்று, பதினான்கு கிலோ. கம்பனி ஸ்பிரிங் இருபத்தைந்து வருடம் பழையது என்றால் கேமைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஸ்பிரிங்கோடு அதைப் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர், வால்வ் லாக், வால்வ் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் கழற்றியாகிவிட்டது, ஆகவே டைமிங் பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப் எல்லாம் புதிதாகப் போகட்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் "ஜப்பான்ல இருந்து கழட்டினது, நல்லா இருக்கு" என்று கிடைக்கும் பாகங்களில் கேம் வாங்கலாம். லோப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, குழியோ கீறலோ தட்டுப்படாவிட்டால் சரி. பெல்ட், டென்ஷனர், ஸ்பிரிங் மூன்றையும் பழையதாக வாங்கவே கூடாது.

சில லேத்காரர்கள் பழைய கேமையே அரைத்துப் புதிய வடிவம் கொடுப்பார்கள். மலிவு. ஆனால் லிஃப்டைக் கூட்டுவதற்கு லோப்பின் அடிவட்டத்தைத்தான் குறைக்கிறார்கள். அப்படிக் குறைத்தால் வால்வுக்கும் கேமுக்கும் இடைவெளி விழும், தடித்த ஷிம் (இடைவெளியை நிரப்பும் சிறு தகடு) போட்டு ஈடுகட்ட வேண்டும். மேலே இருந்த கடினமான தோலும் தேய்ந்து போயிருக்கும். செய்பவரின் கைத்திறன் தெரிந்தால் ஒழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

களிமண் சோதனை

4ஜி63 போன்ற எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். கேமை மாற்றும்போது பெல்ட் அறாமலே அந்த மோதல் நடக்கலாம். லிஃப்ட் கூடிவிட்டது, வால்வ் அதிக நேரம் கீழே நிற்கிறது, பிஸ்டன் மேலே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம்?

இதைக் கண்டுபிடிக்கும் வழி பழையது, எளியது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வால்வுக்காகக் குடைந்திருக்கும் பள்ளங்களில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பட்டையாக ஒட்டுவார்கள். களிமண் வால்வில் ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெய். பிறகு ஹெட்டை வைத்து, கெஸ்கட்டோடு இறுக்கி, புதிய கேமைப் போட்டு, டைமிங் கட்டி, கிராங்கை ஸ்பானரால் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்கேயாவது இறுகினால் அதற்கு மேல் பலம் கொடுக்கக் கூடாது. மறுபடி ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் வால்வின் தடம் பதிந்திருக்கும். மிக மெல்லிய இடத்தில் பிளேடால் வெட்டி வேர்னியரால் அளந்தால் விடை. பொதுவாக இன்லெட்டில் 1.5 மில்லிமீற்றர், எக்ஸோஸ்டில் 2 மில்லிமீற்றர், அல்லது அதற்கு மேல் வேண்டும். எக்ஸோஸ்ட் வால்வ் சூட்டில் நீளும், பிஸ்டனும் அதைத் துரத்திக்கொண்டே மேலே வரும். அதனால் அதற்குக் கூட இடம். எண்ணெய் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ரோலிக் லிஃப்டர் உள்ள எஞ்சினில் லிஃப்டர் அமுங்கிப்போய்ப் பொய்யான அளவு காட்டும் என்பதால், சோதனைக்கு மட்டும் அமுங்காத லிஃப்டர் போட்டுப் பார்ப்பார்கள். கேம் புலியை ஒரு பாகை நகர்த்தினாலும் இந்த இடைவெளி மாறும். முன்பு விளையாட்டில்லை என்றேனே, அதற்குக் காரணம் இதுதான்.

மிதமான கேமாக இருந்து, செய்த கம்பனி அந்த எஞ்சினின் கம்பனி பிஸ்டனோடு ஓடும் என்று சொல்லியிருந்தால், ஹெட்டைக் கழற்றாமலும் வேலை முடிப்பார்கள். சிலிண்டருக்குள் கம்ப்ரெசர் காற்றைக் கொடுத்து வால்வ் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கை மாற்றலாம். ஹெட்டை முன்பே சீவியிருந்தாலோ வேறு பிஸ்டன் போட்டிருந்தாலோ அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டும் அதற்குப் பிறகும்

ஸ்டார்லட் போல லோப், வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கட்டின் மேல் நேராக உரசும் எஞ்சின்களில் புதிய கேமுக்கு முதல் இருபது நிமிடம் முக்கியம். லோப்பில் அசெம்பிளி லூப் நன்றாகத் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விட்டுவிடாமல் 2000 ஆர்பிஎம்மை ஒட்டிப் பிடித்து வைப்பது வழக்கம். அப்போதுதான் லோப்புக்கு எண்ணெய் போதுமாகத் தெறிக்கும். பிறகு எண்ணெயை மாற்றிவிட வேண்டும். 4ஜி63இல் லோப்பின் மேல் உருளும் ரோலர் ரொக்கர் என்பதால் இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

அப்புறம் டியூனிங். கேம் மாறினால் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் காற்றின் அளவே மாறிவிடும், எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று ஈசியூவில் எழுதியிருக்கும் பழைய மேப் பொருந்தாது. டியூனிங் பெரும்பாலும் கொழும்பில்தான் நடக்கும். அங்கே பவர் அளக்கும் டைனோவில் சரியாக இருந்த மேப்பை இங்கே ஒரு நீண்ட ஏற்றத்தில், காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீற்றரோடு ஓட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். எந்தப் பெற்றோலுக்கு டியூன் செய்தார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 95 ஒக்டேனுக்கு டியூன் செய்த காரோடு மலைப்பக்கம் சுற்றினால், பெற்றோல் செட்டில் 92 மட்டும்தான் இருக்கிறது என்ற பதில் எப்படியும் ஒருநாள் வரும். அன்றைக்கென்று பூஸ்டையும் டைமிங்கையும் குறைத்த இரண்டாவது மேப் ஒன்றை டியூனரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

கடைசியாக, வருடாந்த லைசன்ஸ். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். ஓவர்லெப் அதிகமான கேம் ஐட்லிங்கில் எரியாத பெற்றோலைக் கொஞ்சம் வெளியே விடும், மீற்றரில் ஹைட்ரோகார்பன் எண் ஏறிவிடும். ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டி, டியூனிங்கில் அந்தப் பகுதியையும் கவனமாகச் செய்திருந்தால் மிதமான கேம் பாஸாகிவிடும். பெரிய கேமோடு வரிசையில் நிற்பவர், கம்பனிக் கேமைப் பெட்டியில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.